ஜிந்துப்பிட்டியிலிருந்து ஓடத் தொடங்கினோம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஒலிவாங்கிக்கு முன்னால் ஒருத்திதான் நிற்கிறாள். ஆனால் பேசுவது நாங்கள் ஆறு பேரும். ஆறு பேரும் ஒன்றாக இருந்து எழுதிய பேச்சு இது. ஆகையால் "நான்" என்ற சொல் இதில் வராது. "எங்களில் ஒருத்தி" என்று சொல்லும்போது அது யார் என்று தெரிந்தவர்கள் சிரிக்கலாம். பெயரை மட்டும் சொல்லிவிட வேண்டாம்.

செயலாளர் எங்களை அழைத்தபோது, "ஓட்டத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். விளையாட்டு வீராங்கனைகள் என்று யாரும் எங்களை நினைத்துவிடக் கூடாது என்பதற்காக முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பாடசாலையில் நாங்கள் படித்த காலத்தில் இல்ல விளையாட்டுப் போட்டியில் எங்கள் ஆறு பேருக்கும் சேர்த்துக் கிடைத்த பரிசு ஒன்றே ஒன்று. தேசிக்காயும் கரண்டியும் ஓட்டத்தில் மூன்றாம் இடம். அதுவும் முன்னால் போன பிள்ளையின் தேசிக்காய் விழுந்ததால் கிடைத்தது. இன்றைக்கும் ஐந்து கிலோமீற்றர் ஓட எங்களுக்கு நாற்பத்தைந்து நிமிடம் எடுக்கிறது. வேகமாக நடப்பவர்கள் எங்களைத் தாண்டிப் போவதுண்டு. அப்படிப்பட்ட ஓட்டம் எங்களுடையது.

தொடங்கியது 2014 தை மாதத்தில். அதற்கு முந்திய மார்கழியில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் செத்தவீட்டில் சந்தித்துக்கொண்டோம். நாற்பத்தாறு வயது. நீரிழிவு, பிறகு சிறுநீரகம், பிறகு இதயம். அன்று வாசலில் கதிரைகளில் இருந்துகொண்டு நாங்கள் எங்கள் குளிசைகளை எண்ணினோம். ஆறு பேரில் நாலு பேருக்குச் சீனி வியாதி, மூன்று பேருக்குப் பிரஷர். கிளினிக்கில் எல்லோருக்கும் டொக்டர் சொல்லியிருந்தது ஒரே விஷயம்தான்: நடவுங்கள். நாங்கள் சொன்ன பதிலும் ஒன்றுதான்: நேரமில்லை, இடமில்லை. அன்று அந்தப் பதிலைத் திருப்பிச் சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை.

நேரமில்லை என்பது முழுப் பொய்யல்ல. ஜிந்துப்பிட்டியில் நாலரை மணிக்கு எழும்பும் பெண்ணுக்கு அடுப்பு, தண்ணீர், பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி, மாமியாரின் மருந்து என்று வரிசையாக வேலை நிற்கும். இடமில்லை என்பதும் முழுப் பொய்யல்ல. எங்கள் வீதிகளில் நடைபாதை என்று இருப்பதில் பாதி கடைக்காரருடையது, மற்றப் பாதி மோட்டார் சைக்கிள்களுடையது. ஆனால் நாங்கள் சொல்லாத மூன்றாவது காரணம் ஒன்று இருந்தது. அது வெட்கம். நாற்பது வயது தாண்டிய பெண் காரணமில்லாமல் ஓடுவதை எங்கள் ஊர் கண்டதில்லை. பஸ்சைப் பிடிக்க ஓடலாம், குழந்தைக்குப் பின்னால் ஓடலாம். சும்மா ஓடக் கூடாது.

அதனால் நாங்கள் செய்தது என்ன தெரியுமா? ஆட்டோ பிடித்து, தெரிந்த முகம் இல்லாத காலிமுகத்திடலுக்குப் போய் ஓடினோம். ஓடுவதற்கு ஆட்டோவில் போனவர்கள் நாங்கள்!

முதல் நாள் பஞ்சாபியோடும் பாட்டா செருப்போடும் போனோம். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், அதற்கடுத்த இரண்டு கம்பங்களுக்கு நடை. மூன்றாவது கம்பத்திலேயே மூச்சு வாங்கியது. ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். திடலின் நீளம் சுமார் ஐந்நூறு மீற்றர்தான். அதை ஒருமுறை நிற்காமல் ஓடி முடிக்க எங்களுக்கு ஏழு கிழமை எடுத்தது. அன்றைக்குப் பிளேன்ரீயோடு கொண்டாடினோம்.

அந்த நடைபாதையில் ஒரு கல் இருக்கிறது. எத்தனையோ முறை பட்டம் விடவும் இறால் வடை சாப்பிடவும் போன இடம், கல்லை வாசித்ததில்லை. கால் நோவுக்கு இளைப்பாற இருந்தபோதுதான் வாசித்தோம். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும்படி இதைப் பேணுங்கள் என்று தமக்குப் பின்வரும் ஆளுநர்களுக்கு அவர் அதில் சொல்லி வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் அவர் மனத்தில் இருந்த பெண்கள் யாரோ, எங்களுக்குத் தெரியாது. ஜிந்துப்பிட்டிப் பெண்களாக இருந்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் எழுத்தில் இருக்கிறதல்லவா? அன்றிலிருந்து அந்த இடத்தில் எங்களுக்குக் கொஞ்சம் உரிமை வந்துவிட்டது.

ஓடும் பெண்ணுக்கு வரும் அன்றாடப் பிரச்சினைகளை நாங்கள் ஒன்றொன்றாகப் பட்டுத் தெளிந்தோம். தாலிக்கொடியை என்ன செய்வது? உள்ளே விட்டு ஊசி குத்தினோம். பிறகு கழற்றிச் சாமி அறையில் வைத்துவிட்டு வரத் துணிந்தோம். வீட்டுப் பெரியவர்களுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. "சங்கிலி அறுக்கிறவன் கழுத்தோடு சேர்த்து இழுப்பான்" என்று சொன்ன பிறகு விட்டுவிட்டார்கள். சரியான உள்ளாடை இல்லாமல் ஓடக் கூடாது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இங்கே பெண்கள்தான் இருக்கிறோம், ஆகவே சொல்லுகிறோம்: சப்பாத்துக்கு முதல் அதை வாங்குங்கள். மாதவிடாய் நாட்களில் ஓடலாமா என்று எங்கள் பிள்ளைகள் கேட்டார்கள். உடம்பு கேட்டால் ஓடலாம், வேண்டாம் என்றால் நடக்கலாம், நோவு கடுமையாக இருந்தால் படுத்திருக்கலாம்.

தெருநாய் துரத்தினால் ஓடாதீர்கள். ஓட்டக்காரிகளுக்கு இது கஷ்டமான புத்திமதிதான். ஆனால் நின்றுவிட்டால் பெரும்பாலும் நாயும் நின்றுவிடும். எங்களில் ஒருத்தி ஓடிக் கடி வாங்கினாள். கடித்த இடத்தைச் சவர்க்காரமும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போனாள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். "வீட்டு நாய்தானே" என்று இருந்துவிடாதீர்கள்.

கொழும்பில் சூரியன் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே உதிக்கிறது. ஆறரைக்குப் பிறகு வெயிலை விடப் புழுக்கம்தான் ஆளை வாட்டும். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. அதனால் ஐந்து மணிக்கு இறங்கி ஆறுக்குள் முடிக்கப் பழகினோம். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவளோடு ஒரு வசனம் முழுதாகக் கதைக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். எங்களுக்கு இந்தச் சோதனை மிகவும் பிடித்துப்போனது. கதைப்பதற்காகத்தானே போனோம்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். கந்தசஷ்டி விரதத்தின்போது எங்களில் ஒருத்தி வழக்கமான சீனிக் குளிசையை இரவில் போட்டுவிட்டு, காலையில் வெறும் வயிற்றோடு ஓட வந்தாள். திடலின் நடுவில் கை நடுங்கி, பேச்சுக் குழறி, விழுந்துவிட்டாள். நாங்கள் களைப்பு என்று நினைத்து விசிறிக்கொண்டிருந்தோம். தேநீர் விற்க வந்த ஒரு முதியவர்தான், "சீனி இறங்கியிருக்கு நோனா" என்று சிங்களத்தில் சத்தம் போட்டு, நாலு கரண்டி சீனி போட்ட தேநீரைப் பருக்கினார். அவருடைய மனைவிக்கும் அதே வியாதியாம். காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஒவ்வொருவரின் பையிலும் குளுக்கோசு இருக்கிறது. மருந்து எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் ஓடத் தொடங்காதீர்கள். விரத நாளில் ஓடாதீர்கள்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. அன்று காலை நாங்கள் ஓடிவிட்டுக் கொச்சிக்கடை வழியாகத்தான் வீட்டுக்கு வந்தோம். வெள்ளை உடுத்த பிள்ளைகள் தாய்மாரின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தோனியார் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் எங்கள் சப்பாத்துகளைப் பார்த்துச் சிரித்தாள். எட்டே முக்கால் மணியளவில் எங்கள் வீட்டு யன்னல்கள் அதிர்ந்தன. அதற்குப் பிறகு பல மாதம் நாங்கள் ஓடவில்லை. அந்தப் பிள்ளை யாரென்று எங்களுக்குத் தெரியாது. விசாரிக்கத் துணிவும் வரவில்லை. மீண்டும் ஓடத் தொடங்கிய நாளில் அந்தக் கோவில் வாசலில் நின்று, ஆறு பேரும் ஆறு மெழுகுதிரி ஏற்றிவிட்டுத்தான் போனோம். இன்றைக்கும் அந்த இடத்தில் நாங்கள் ஓடுவதில்லை. நடந்து கடக்கிறோம்.

2020 ஒக்ரோபரில் கொட்டாஞ்சேனை உட்பட வடகொழும்பின் பல பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்டன. தொடர்மாடியில் இருந்தவர்கள் படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள். எங்களில் ஒருத்தியின் வீட்டு நடை பதினாலடி. அதில் அரை மணி நேரம் போய் வருவாள். மாமியார் கதிரையில் இருந்து எண்ணிக்கை பிடிப்பார். அப்போதுதான் எங்களுக்கு ஒன்று விளங்கியது. எங்களுக்குப் பதினாலடியாவது இருந்தது. பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் ஓர் அறையில் ஏழு பேர் இருந்தார்கள்.

பிறகு 2022. பெற்றோல் இல்லை, ஆட்டோ இல்லை. காலிமுகத்திடலிலோ மக்கள் போராட்டம். வேறு வழியில்லாமல், எட்டு வருடம் ஓடிய பிறகு, முதன்முறையாக எங்கள் சொந்த வீதியில் ஓட இறங்கினோம். ஜிந்துப்பிட்டியிலிருந்து ஜம்பட்டா வீதி, அங்கிருந்து கொட்டாஞ்சேனை, விவேகானந்தா மேடு, திரும்பிக் கொச்சிக்கடை, பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில், செட்டியார் தெரு, ஐந்துலாம்புச் சந்தி, வீடு. சொந்த ஊரில் ஏற்றம் இருக்கிறது என்பதே ஓடிய பிறகுதான் தெரிந்தது. வுல்பெண்டால் தேவாலயம் இருக்கும் மேட்டைக் கேட்டுப் பாருங்கள், சொல்லும்.

பெற்றோல் வரிசையில் இரவு முழுதும் ஆட்டோக்குள் படுத்துக் கிடந்தவர்கள் எங்களைப் பார்த்து எழும்பினார்கள். "என்ன அக்கா, யாராவது அடிச்சுட்டு ஓடுறானா?" என்று ஒருவர் கேட்டார். "எங்க பெற்றோல் குடுக்குறாங்க?" என்று இன்னொருவர் தானும் ஓட ஆயத்தமானார். முதல் கிழமை சிரித்தார்கள். இரண்டாம் கிழமை எங்களை எண்ணினார்கள், ஐந்து பேர் வந்தால், "ஒருத்தரைக் காணோமே, சுகமில்லையா?" என்று விசாரித்தார்கள். மூன்றாம் கிழமை எங்கள் தண்ணீர்ப் போத்தல்கள் அவர்களின் ஆட்டோக்களில் இருந்தன. எட்டு வருடம் எந்தக் கண்களுக்குப் பயந்து ஆட்டோவில் போனோமோ, அந்தக் கண்கள்தான் எங்களுக்குக் காவல் நின்றன.

இனி, நாங்கள் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

அந்த நாட்களில் ஒரு விடியற்காலை, எங்களுக்குப் பின்னால் வெறுங்கால் சத்தம் கேட்டது. பாண் வாங்க வந்த ஒரு பிள்ளை, கையில் பாணோடு எங்களைத் தாண்டி ஓடிச் சந்தியில் நின்று திரும்பிப் பார்த்தது. அடுத்த நாளும் வந்தது. மூன்றாம் நாள், "அன்ரி, நானும் வரலாமா?" என்று கேட்டது. எங்கள் பாடசாலைப் பிள்ளை. பதின்மூன்று வயது. பெயர் சொல்ல மாட்டோம். நாங்கள் ஒரு கிலோமீற்றர் ஓடும் நேரத்தில் அந்தப் பிள்ளை இரண்டு கிலோமீற்றர் ஓடி, எங்களுக்காகச் சந்தியில் காத்து நிற்கும்.

இரண்டு மாதத்தில் வராமல் விட்டது. வீட்டுக்குப் போனோம். தாய் கதவருகில் நின்று சொன்னார்: "வயசுக்கு வந்துட்டா அக்கா. இனி ரோட்டுல ஓடுனா நாலு பேர் பேசுவாங்க." நாங்கள் உடல்நலம், திறமை, எதிர்காலம் என்று ஏதேதோ சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்லிட்டுப் போயிருவீங்க. பேச்சுக் கேக்குறது நான்தானே?" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. ஏனென்றால் அது நாங்கள் எட்டு வருடம் பயந்த அதே பயம். நாற்பது வயதில் எங்களுக்கு ஆட்டோவுக்குக் காசு இருந்தது. அந்தப் பிள்ளைக்குப் போய் ஓட வேறு இடமில்லை.

ஓட்டத்தில் பெண்களுக்குக் கதவு மூடப்பட்டது எங்கள் ஊரில் மட்டுமல்ல. 1928இல் அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடினார்கள். களைத்துப்போகிறார்கள் என்று சொல்லி அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். 1960 வரை திருப்பித் தரவில்லை. பெண்களுக்கு ஒலிம்பிக் மரதன் 1984இல்தான் வந்தது. நாங்கள் இந்த மண்டபத்தில் ஒன்றுகூடலுக்கு வரிசையில் நின்ற காலம் அது. எங்கள் விளையாட்டு ஆசிரியை 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற எதிர்வீரசிங்கத்தைப் பற்றி ஆசையோடு சொல்லுவார். ஒரு பெண்ணின் பெயரைச் சொல்ல அவருக்கு அன்று இருக்கவில்லை. இன்று இருக்கிறது. 2000இல் சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் பதக்கம் வென்றார். தெல்லிப்பழை மகாஜனாவின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்தார். முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 2023இல் பிலிப்பைன்ஸ் போய் மூத்தோர் ஓட்டத்தில் தங்கம் கொண்டுவந்தார். அந்தத் தாயிடம் கடைசியில் நாங்கள் இந்தக் கதைகளைச் சொல்லவில்லை. "நாங்க ஆறு பேரும் தினமும் உங்க வாசலுக்கு வந்து கூட்டிட்டுப் போய், திரும்பக் கொண்டுவந்து விடுறோம். பேசுறவங்க எங்களையும் சேர்த்துப் பேசட்டும்" என்றோம். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஸ்கூல் கிரவுண்டுல ஓடுறதுன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் அக்கா" என்றார்.

அந்தத் தாய் கேட்டதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம். நம்முடைய மைதானத்தை நாடா பிடித்து அளந்தோம். ஒரு சுற்று நூற்றைம்பது மீற்றருக்குக் கொஞ்சம் கூட. சிறியதுதான். தேசியப் போட்டிகள் நடக்கும் சுகததாச விளையாட்டரங்கு நம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் பிள்ளைகள் இந்த நூற்றைம்பது மீற்றரில்தான் தொடங்க வேண்டும். செவ்வாயும் சனியும் காலை ஐந்து மணிக்குப் பாடசாலைப் படலை திறக்க வேண்டும். இரண்டு விளக்கு வேண்டும். காவலாளிக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு வேண்டும். ஓடும் பிள்ளைக்கு ஒரு அவித்த முட்டையும் ஒரு கோப்பை பாலும் வேண்டும். வெறும் வயிற்றோடு ஓடினால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். சங்கம் பொறுப்பெடுத்தால் அனுமதிக்கத் தயார் என்று அதிபர் அவர்கள் சொல்லியிருக்கிறார். முறை வைத்து மேற்பார்வைக்கு நாங்கள் ஆறு பேரும் வருவோம். ஆறு பேர் போதாது. வயதும் ஏறுகிறது, ஒருத்திக்கு முழங்கால் பிரச்சினை தொடங்கிவிட்டது.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 1983இல் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஒரே மாதத்தில் காணாமல் போனார்கள். சிலருடைய புத்தகங்கள் மேசைக்குள் அப்படியே கிடந்தன. இன்று ரொறன்ரோவில் பனியிலும், லண்டனில் மழையிலும், மெல்பேணில் வெயிலிலும் இருக்கிறீர்கள். உங்களில் பலருக்கும் இதே சீனி, இதே பிரஷர், இதே "நேரமில்லை." கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் உடம்பை அசைக்கச் சொல்லுகிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள், அவ்வளவுதான். ஓட வேண்டியதில்லை, நடந்தாலே போதும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறு தோறும் அவரவர் சப்பாத்துப் படத்தை அனுப்புகிறோம். சேருங்கள். உங்கள் பிள்ளைகள் ஒருமுறை போட்டுவிட்டு வைத்த சப்பாத்துகள் இருந்தால், ஊருக்கு வரும்போது பெட்டியில் ஒரு சோடி வையுங்கள். இங்கே நாலாம் அளவிலிருந்து ஆறாம் அளவு வரை தேவைப்படுகிறது.

அந்தப் பிள்ளை இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறது. எழுந்து நிற்கச் சொல்ல மாட்டோம். தாயும் பக்கத்தில் இருக்கிறார். படலை திறக்கும் வரை எங்களோடு வீதியில் ஓடுவதற்கு ஒரு வருடம் சம்மதம் தந்திருக்கிறார். அந்த வருடம் முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். காசு தரக்கூடியவர்கள் ஒரு பக்கத்திலும், காலை ஐந்து மணிக்கு வந்து நிற்கக்கூடியவர்கள் மறுபக்கத்திலும் பெயர் எழுதுங்கள். இரண்டாவது பக்கம் நிரம்பினால் எங்களுக்கு இன்னும் சந்தோஷம்.